கல்லூரி விழாவில் ஓரம் நிற்போர்

கல்லூரி வாழ்க்கையில் தேர்வுக் கூடத்தைக் காட்டிலும் சில மாணவரை மிகுதியாக அச்சுறுத்தும் இடம் ஒன்று உண்டென்றால், அது விழா மண்டபமே. அங்கே வினாத்தாள் இல்லை, மதிப்பெண் இல்லை, எல்லோரும் களித்திருப்பதற்கென்றே கூட்டப்பட்ட கூட்டம் அது. ஆயினும், வகுப்பில் முதல் வரிசையில் அமர்ந்து கணக்குகளை முந்திப் போட்டு முடிக்கும் மாணவன், சொந்த ஊரில் கோயில் திருவிழா என்றால் பந்தி பரிமாறுவது முதல் வரவு செலவு எழுதுவது வரை முன்னின்று செய்யும் பிள்ளை, அந்த மண்டபத்தினுள் கால் வைத்த மாத்திரத்தில், கைகளை எங்கே வைத்துக்கொள்வது, யார் பக்கத்தில் நிற்பது, எதற்குச் சிரிப்பது என்று ஒன்றும் விளங்காதவனாய், சிறிது நேரம் செல்பேசியைப் பார்ப்பதுபோல் பாவனை செய்து, பிறகு சுவரோரமாக ஒதுங்கி, கடைசியில் யாரும் கவனியாத வேளையில் பக்கக் கதவு வழியே வெளியேறிவிடுகிறான். மறுநாள் கேட்டால், 'நமக்கு அதெல்லாம் செட் ஆகாது' என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுகிறான்.

ஆசிரியரும் பெற்றோரும் சக மாணவரும் இதற்குச் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: கூச்ச சுபாவம். அதற்கு அவர்கள் சொல்லும் பரிகாரமும் ஒன்றுதான்: பழகப் பழகச் சரியாகிவிடும். மனிதரிடையே சுபாவ பேதம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரே மனிதர் ஒரு கூட்டத்தில் ஊமையாகவும் மற்றொரு கூட்டத்தில் காரியஸ்தராகவும் இருப்பதை நாம் அன்றாடம் பிரத்தியட்சமாகக் காண்கிறோமாதலால், காரணத்தை முழுவதும் அம்மனிதரின் நெஞ்சுக்குள்ளேயே தேடுவது நியாயமாகாது. கூட்டம் எவ்வாறு அமைக்கப்பட்டது, அதில் ஒருவர் நிற்பதற்கு இடமும் செய்வதற்குக் காரியமும் வைக்கப்பட்டனவா, அங்கு வழங்கும் சம்பிரதாயங்களை அவர் எங்கே கற்றிருக்க முடியும் என்பனவற்றையே முதலில் ஆராய வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இதற்குத் தம் கைப்படச் சாட்சி எழுதிவைத்த ஒரு மாணவரின் வாழ்க்கை நமக்கு உதவுகிறது. 1888ஆம் ஆண்டு செப்டம்பர் மாத இறுதியில், பத்தொன்பது வயது நிரம்புவதற்குச் சில நாட்களே இருந்த நிலையில், மோகன்தாஸ் காந்தி பாரிஸ்டர் படிப்புக்காக இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். கப்பலிலிருந்து இறங்கும்போது வெண்மையான உடை பொருத்தமாயிருக்கும் என்று எண்ணி வெள்ளைப் பிளானல் உடுத்தியிருந்தவர், அந்தப் பருவத்தில் அவ்விதம் உடுத்தியிருந்தது தாம் ஒருவரே என்பதைக் கரையில் கால் வைத்த பிறகே கண்டார், மாற்றிக்கொள்ளலாம் என்றாலோ பெட்டிகள் ஏஜெண்டு வசம் போய்விட்டன, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பிற்காலத்தில் இடுப்பில் ஒற்றை வேட்டியோடு பக்கிங்ஹாம் அரண்மனைக்குள் நுழைந்த அந்த மனிதருக்கு, அன்றைய வெள்ளுடையின் வெட்கம் சுயசரிதை எழுதும் காலம்வரை மறக்கவில்லை என்பது கவனிக்கத் தக்கது.

அந்த வெட்கத்திலிருந்து தப்ப அவர் முதலில் கைக்கொண்ட உபாயம், இன்றும் எத்தனையோ மாணவர் கைக்கொள்ளும் உபாயமேதான்: தம்மை மாற்றிக்கொள்வது. பத்தொன்பது ஷில்லிங்கில் உயர்ந்த தொப்பி ஒன்று வாங்கினார். பாண்டு தெருவில் பத்துப் பவுன் செலவிட்டு மாலை விருந்துக்கான உடை தைத்துக்கொண்டார். மூன்று பவுன் கட்டி நடன வகுப்பில் சேர்ந்து, மூன்று வாரத்தில் ஆறு பாடம் கற்றும் பியானோவின் தாளத்துக்கு இசையக் கால் அசையாமற் போகவே, மேனாட்டுச் சங்கீதத்தில் காது பழகட்டும் என்று வயலின் வாங்கினார். பேச்சுக்கலை ஆசிரியர் ஒருவருக்கு ஒரு கினி கட்டணமும் செலுத்தினார். இந்த மோகம் ஏறக்குறைய மூன்று மாதம் நீடித்து, பிறகு ஓய்ந்தது. ஒரு பண்பாட்டுக் கூட்டத்தின் நடை உடை பாவனைகளை, அவற்றைப் பிறவி முதல் சுவாசித்தவர்கள் நடுவில், வயது வந்த ஒருவர் காசு கொடுத்து அவசரமாகக் கற்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

ஆனால் அதே லண்டனில், அவர் கட்டாயமாகக் கலந்துகொள்ள வேண்டியிருந்த கூட்டம் ஒன்றும் இருந்தது. அவர் சேர்ந்திருந்த இன்னர் டெம்பிள் என்னும் சட்டக் கல்விக் கழகத்தில், பரீட்சை தேறுவதோடு பன்னிரண்டு பருவங்களை நிறைவு செய்வதும் பாரிஸ்டராவதற்குரிய நிபந்தனை. பருவத்தை நிறைவு செய்வதாவது, பருவத்துக்குச் சுமார் இருபத்துநான்கு விருந்துகளில் குறைந்தது ஆறிலாவது போய் அமர்வது. உண்ண வேண்டும் என்பதில்லை. குறித்த நேரத்தில் வந்து, முடியும் வரை இருக்க வேண்டும். புலால் உண்ணாத, மது அருந்தாத, ஆங்கிலத்தில் நாலு வார்த்தை கோவையாகப் பேசத் தயங்கிய ஓர் இளைஞருக்கு இதைவிடப் பெரிய சங்கடம் இருக்க முடியாது என்றே நாம் முதலில் எண்ணுவோம். அவரும் தொடக்கத்தில் ரொட்டியும் வேகவைத்த உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் தவிர வேறெதையும் தொடாமல் பெரும்பாலும் பட்டினியாகவே அமர்ந்திருந்தார்.

நடந்ததோ வேறு. அங்கே மேஜை நால்வர் நால்வராகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு நால்வருக்கும் இரண்டு புட்டி திராட்சை மது. நால்வரில் ஒருவர் குடியாதவர் என்றால் மற்ற மூவருக்கும் பங்கு கூடும் அன்றோ! ஆகவே காந்தியைத் தம் நால்வரில் சேர்த்துக்கொள்ளச் சக மாணவர்கள் போட்டியிட்டார்கள். உயர்ந்த மது வகைகள் பரிமாறப்படும் பெருவிருந்து நாட்களில் அவர் அவசியம் வர வேண்டும் என்று பிரத்தியேக அழைப்பும் வந்தது. இந்தக் கிராக்கி நட்பினால் விளைந்ததன்று என்பது உண்மையே. ஆயினும் அமைப்பு செய்த காரியத்தைப் பாருங்கள். எங்கே அமர்வது என்ற கேள்வி அவருக்கு எழவில்லை; யாரோடு அமர்வது என்பதையும் பிறர் வந்து தீர்த்துவைத்தார்கள்; எந்த விரதம் அவரைப் பிறரிடமிருந்து பிரிக்கும் என்று அஞ்சத் தகுந்ததோ, அந்த விரதமே அம்மேஜையில் அவருக்கு ஓர் இடத்தை உண்டாக்கியது. நாளடைவில் தைரியம் வந்து, சைவ உணவினரான ஒரு பார்சி மாணவருடன் சேர்ந்து, மூத்த சட்ட அறிஞர்களாகிய பெஞ்சர்களின் மேஜைக்கு வரும் காய்கறி பழங்கள் தங்களுக்கும் வேண்டும் என்று விண்ணப்பித்து, அதைப் பெறவும் செய்தார். தனியாக இருந்தபோது பட்டினி கிடந்தவர், இருவரானதும் விண்ணப்பம் எழுதினார்.

இந்த விருந்துகளைப் பற்றி அவர் எழுதியுள்ள மற்றொரு செய்தி, நம் விஷயத்துக்கு இன்னும் நெருங்கியது. பழங்காலத்தில் மாணவர் தொகை சிறிதாயிருந்தபோது, மாணவரும் பெஞ்சர்களும் ஒன்றாக அமர்ந்து உண்டு உரையாடினர். அங்கே சொற்பொழிவுகளும் நிகழ்ந்தன. உலக அறிவும் பேச்சு நயமும் மாணவருக்கு அவ்வழியே வாய்த்தன. காந்தியின் காலத்திலோ பெஞ்சர்களுக்குத் தனி மேஜை வந்துவிட்டது. அந்த ஏற்பாடு மெல்ல மெல்லத் தன் பொருளை இழந்தும், பழமை பேணும் இங்கிலாந்து அதைக் கைவிடவில்லை என்பது அவர் கருத்து. பெரியவர்கள் எழுந்து வேறு மேஜைக்குப் போனபோது விருந்தின் உயிரும் அவர்களோடு எழுந்து போயிற்று என்பதை, உண்ணாமல் அமர்ந்து கவனித்துக்கொண்டிருந்த அந்த இளைஞர் நன்றாகக் கண்டிருக்கிறார்.

இதற்கு நேர்மாறாக, அவர் மனமுவந்து சேர்ந்த சைவ உணவினர் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் அவர் வாய் திறக்கவில்லை. முக்கியமான ஒரு விவாதத்துக்குத் தம் கருத்தை எழுதிக் கொண்டுபோயும், படிக்கத் துணிவு வராமல், வேறொருவர் அதை வாசிக்க நேர்ந்தது. ஊர் திரும்புமுன் ஹோபர்ன் உணவுச்சாலையில் நண்பர்களுக்கு அவரே விருந்து வைத்துப் பேச எழுந்தபோதும் முதல் வாக்கியத்துக்கு மேல் நகர முடியவில்லை. ஆனால் பேஸ்வாட்டர் பகுதியில் தாம் குடியிருந்தபோது ஒரு சைவ உணவுக் கழகத்தைத் தொடங்கி, சர் எட்வின் ஆர்னால்டு போன்ற பெரியவரை அழைத்துத் துணைத் தலைவராக்கி, தாமே செயலாளராக இருந்து நடத்தியவரும் அவரேதான். இடத்துக்கு இடம் சுபாவம் மாறியதென்று சொல்வதா? பேச்சுத் திறனை மட்டும் எதிர்பார்க்கும் இடத்தில் அவர் ஒடுங்கினார். காரியம் ஒன்று கையில் இருந்த இடத்தில் நிமிர்ந்தார். எனக்கு இதில் ஐயமில்லை.

கியோர்க் சிம்மல் என்ற ஜெர்மானியச் சமூகவியல் அறிஞர், 1910இல் பிராங்பர்ட் நகரில் கூடிய முதல் ஜெர்மன் சமூகவியல் மாநாட்டில், மனிதர் வேறொரு பயனும் கருதாமல் கூடி மகிழும் கூட்டங்களைப் பற்றியே உரை நிகழ்த்தினார். அத்தகைய கூட்டத்தில் செல்வம், பதவி, புகழ் ஆகியவற்றை வாசலில் விட்டுவிட்டு எல்லோரும் சமமானவர் போல நடந்துகொள்ள வேண்டும் என்பது எழுதப்படாத நியதி என்றும், ஆனால் இது ஏற்கெனவே ஓரளவு சமமாக உள்ளவர்களிடையேதான் இனிது நடைபெறும் என்றும், மிகவும் வேறுபட்ட வகுப்பினர் கூடும்போது அது துன்பமாகவே முடிவதுண்டு என்றும் அவர் விளக்கினார். கல்லூரி விழாவின் இக்கட்டு இதில்தான் இருக்கிறது. சமமின்மை நிறைந்த சமுதாயத்திலிருந்து வந்த இளைஞர்களை ஒரே மண்டபத்தில் நிறுத்தி, சமமானவர்களாகவே பாவித்து ஆடிப் பாடுங்கள் என்கிறோம். அப்படிப் பாவிப்பதற்கு வேண்டிய பயிற்சி சிலருக்கு மட்டுமே வீட்டில் கிடைத்திருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

அந்தப் பயிற்சி மூளையில் மட்டும் தங்குவதன்று, உடம்பில் தங்குவது. பிரெஞ்சுச் சமூகவியல் அறிஞர் பியர் பூர்தியூ, தாம் பிறந்த பெயார்ன் நாட்டுப்புறத்தைப் பற்றி 1962இல் வெளியிட்ட ஆய்வில், கிறிஸ்துமஸ் காலத்து நடனக் கூட்டம் ஒன்றை வருணிக்கிறார். நகரத்து நாகரிகம் தெரிந்த இளைஞர்கள் நடுவே ஆடிக்கொண்டிருக்க, உழவுத் தொழில் செய்யும் மணமாகாத ஆண்கள், முப்பது வயதை ஒட்டியவர்கள், ஓரத்தில் கருநிற உடையில் திரளாக நிற்கிறார்கள், ஆட்டத்தின் பக்கம் சற்றே நகர்கிறார்கள், மறுபடி பின்வாங்குகிறார்கள், ஆடுவதே இல்லை. ஏர் பிடித்த காலும் சுமை தூக்கிய தோளும் நகரத்து ஆட்டத்துக்கு உரியனவாயில்லை என்பதை அவர்கள் நகரத்து நாகரிகத்தை ஏற்ற பெண்களின் கண்வழியே பார்த்துத் தங்கள் உடம்பையே பாரமாக உணரத் தொடங்கிவிட்டார்கள் என்பது பூர்தியூ கண்ட உண்மை. ஓர் அஞ்சல் ஊழியரின் மகனாக அந்தப் பகுதியிலிருந்து புறப்பட்டுப் பாரிஸின் மிக உயர்ந்த கல்லூரியில் பயின்றவருக்கு, அந்த ஓரத்தில் நிற்பது எப்படியிருக்கும் என்பது ஏட்டறிவு மட்டுமாக இருந்திராது.

சென்ற சில பத்தாண்டுகளில் மனோதத்துவ ஆராய்ச்சியாளர் இந்த அந்நிய உணர்வைச் சோதனை செய்தும் பார்த்திருக்கின்றனர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் அவர் குழுவினரும் நடத்தி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனையில், அணிவதற்கு வெட்கமான ஒரு பாடகரின் படம் போட்ட சட்டையை மாணவர் ஒருவருக்கு அணிவித்துப் பிறர் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அறையிலிருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அப்படத்தைக் கண்டிருப்பர் என்று அணிந்தவர் மதிப்பிட்டார். உண்மையில் கண்டவர் கால் பங்கினரே. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பிரெண்டிஸும் மில்லரும் 1993இல் வெளியிட்ட ஆய்வு இதனினும் ஆழமானது என்று கருதுகிறேன். வளாகத்தில் நடைபெற்ற மிதமிஞ்சிய குடிப்பழக்கம் பெரும்பாலான மாணவருக்கு உள்ளூரப் பிடிக்கவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் மற்றவர்களுக்கெல்லாம் அது பிடித்திருப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தனர். அதாவது, மண்டபத்தின் நடுவில் ஆடுகிறவருள்ளும் பலர் உள்ளத்தால் ஓரத்தில்தான் நிற்கிறார்கள். ஒருவரும் அதை வெளியே சொல்லாததால், தாம் ஒருவர் மட்டுமே அந்நியர் என்ற மயக்கம் எல்லோருக்கும் நிலைபெறுகிறது.

அப்படியானால் இந்த உண்மையை மாணவருக்கு எடுத்துச் சொல்லிவிட்டால் போதுமே என்று தோன்றலாம். சொல்லியும் பார்த்திருக்கிறார்கள். கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் என்னும் இரு அறிஞர்கள், அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் முதலாண்டு மாணவரிடம், தொடக்கத்தில் அந்நியமாக உணர்வது எல்லோருக்கும் பொது, அது நாளடைவில் நீங்கிவிடுகிறது என்னும் மூத்த மாணவர்களின் அனுபவ உரைகளைப் படிக்கக் கொடுத்து, அதைத் தம் அனுபவத்தோடு இணைத்து எழுதவும் பேசவும் செய்தனர். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்த இப்பயிற்சி, அடுத்த மூன்று ஆண்டுகளில் கறுப்பின மாணவரின் மதிப்பெண்களை உயர்த்தி, வெள்ளையருக்கும் அவர்களுக்கும் இருந்த இடைவெளியைப் பாதியாகக் குறைத்தது என்று 2011இல் அவர்கள் வெளியிட்ட முடிவு பெரும் வியப்பை விளைத்தது.

அந்த வியப்போடு நின்றிருந்தால், பழியையும் பரிகாரத்தையும் மறுபடி மாணவர் மனத்தின் மேலேயே ஏற்றியவர்களாவோம். நல்லவேளையாக, வால்டனும் பலரும் சேர்ந்து 22 கல்லூரிகளில் 26,911 மாணவரிடம் இதே முறையைச் சோதித்து 2023இல் முடிவுகளை வெளியிட்டனர். பயிற்சி பலன் தந்தது. ஆனால் எல்லா இடத்திலும் தரவில்லை. அந்தந்தப் பிரிவு மாணவர் உண்மையிலேயே ஒட்டி உறவாடுவதற்கு இடம் கொடுத்த கல்லூரிகளில்தான் பலன் தந்தது. இடம் கொடாத கல்லூரியில், 'நீயும் இங்கே உரியவன்' என்ற வாசகம் வெறும் வாசகமாகவே நின்றுவிட்டது. நான் இதுவரை சொல்லிவந்த கருத்துக்கு இதனை மிக வலுவான ஆதாரமாகக் கொள்கிறேன்.

அந்தோணி ஜாக் என்னும் சமூகவியல் அறிஞர் 2019இல் வெளியிட்ட நூல் மற்றொரு கோணத்தைக் காட்டுகிறது. புகழ்பெற்ற ஒரு பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஏழை மாணவருள், உதவித்தொகையால் உயர்தரத் தனியார் பள்ளிகளில் படித்து வந்தவர்கள் பேராசிரியரிடமும் செல்வந்தரின் பிள்ளைகளிடமும் தயக்கமின்றிப் பழகுவதையும், சாதாரணப் பொதுப் பள்ளியிலிருந்து வந்தவர்கள் திகைத்து ஒதுங்குவதையும் அவர் கண்டார். இரு சாராரின் வறுமையும் ஒன்றே. பள்ளியில் கிடைத்த பழக்கம் மட்டுமே வேறு. சகஜமாகப் பழகும் ஆற்றல் பிறவிக் குணம் என்பாருக்கு இது தக்க பதில். வள்ளுவர் பொருட்பாலில் அவையறிதலை முதலில் வைத்து, அதன் பிறகே அவையஞ்சாமையை வைத்த வரிசையும், அச்சம் நீங்குவதற்கு அவையைப் பற்றிய அறிவு முன்னே வர வேண்டும் என்பதையே எனக்கு உணர்த்துகிறது.

இனி நம் நாட்டு நிலைமையைப் பார்ப்போம். அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22இல் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47. இந்தியா முழுமைக்கும் 28.4. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குத் தொழிற்கல்வியில் கல்விக் கட்டணச் சலுகை 2010 முதல் கிடைத்துவருகிறது. அரசுப் பள்ளி மாணவருக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காட்டு இடங்கள் 2021இல் சட்டத்தின் மூலம் ஒதுக்கப்பட்டன. பெருமைப்படத் தக்க சாதனைகள் இவை. ஆனால் இவற்றின் பயனாகக் கல்லூரி வாயிலைக் கடந்து வந்த பிள்ளை, அங்கே முதன்முதலாகக் காணும் 'ஃபிரெஷர்ஸ் டே' எவ்வாறு இருக்கிறது?

மேடையில் தொகுத்து வழங்கும் சீனியர், வகுப்பில் தமிழில் வினாக் கேட்கும் பையனாகவே இருந்தாலும், மைக் கைக்கு வந்தவுடன் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறான். புதியவர்கள் ஒவ்வொருவராக மேடையேறித் தம்மை அறிமுகம் செய்துகொண்டு, சீட்டு எடுத்து, அதில் எழுதியிருப்பதைச் செய்து காட்ட வேண்டும். ஒருத்திக்குப் பாட்டு, ஒருவனுக்கு நடை, மற்றொருவனுக்கு நடிப்பு. உடைக்கென்று ஒரு நிறம் இரண்டு நாளைக்கு முன்னே வாட்ஸ்அப் குழுவில் அறிவிக்கப்படுகிறது; தலைக்கு இவ்வளவு என்று பணமும் வசூலாகிறது. இருப்பதே மூன்று சுடிதார் என்னும் பெண், அந்த நிறத்தில் ஒன்று பக்கத்து அறைத் தோழியிடம் இரவல் வாங்கி, அளவு சரியில்லாத தோளை ஊசியால் இழுத்துக் குத்திக்கொண்டு வருகிறாள். பிறகு விளக்கணைத்து டிஜே தொடங்குகிறது. ஊருக்குக் கடைசி டவுன் பஸ் ஆறரைக்கு என்றால், தினம் போய்வரும் மாணவி ஆறு மணிக்கே கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கதவைப் பார்க்கத் தொடங்குகிறாள். அவள் கலந்துகொள்ளவில்லை என்று மறுநாள் யாரேனும் குறை சொன்னால், அந்தக் குறை பஸ் நேரத்தைக் கணக்கிடாமல் நிகழ்ச்சி நிரல் வகுத்தவர்களையே சாரும்.

அதே மண்டபத்தில் இன்னொரு காட்சியையும் காணலாம். நாற்காலி போடுபவன், தண்ணீர்ப் புட்டி எடுத்து வருபவன், வாசலில் சந்தனமும் கற்கண்டும் நீட்டுபவள், ஒலிபெருக்கிக்காரரோடு ஒயரைப் பிடித்துக்கொண்டு ஓடுபவன் ஆகியோர் முகத்தில் அந்நிய உணர்வின் அடையாளமே இராது. 'வாலண்டியர்' என்று அச்சிட்ட ஓர் அட்டை சட்டையில் குத்தப்பட்டதும், சென்ற ஆண்டு சுவரோரம் நின்ற அதே பையன் முதல்வரிடமே போய், 'சார், நீங்க இந்தப் பக்கம் வாங்க' என்று கூசாமல் சொல்கிறான். நாட்டு நலப்பணித் திட்டத்தில் இது இன்னும் தெளிவாகப் புலப்படும். காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்ட அத்திட்டத்தின் ஏழு நாள் கிராம முகாமில், அடுப்பு மூட்டத் தெரிந்தவளும், வரப்பில் நடக்கத் தெரிந்தவனும், ஊர்ப் பெரியவரை 'பெரியப்பா' என்று அழைத்துப் பேச்சைத் தொடங்கத் தெரிந்தவனும் முன்னணிக்கு வந்துவிடுகிறார்கள்; டிஜே இரவின் நாயகர்கள் அங்கே என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார்கள். அவர்களையும் அங்கே யாரேனும் கைப்பிடித்து அழைத்துச் செல்லத்தான் வேண்டும். இடம் மாறியதே அன்றி, ஓரம் நிற்பதன் வேதனை இருவருக்கும் ஒன்றே.

புதியவரை வரவேற்பது நம் கல்லூரிகளில் எவ்வளவு கொடியதாக இருந்தது என்பதையும் மறக்கலாகாது. அறிமுகம் என்ற பெயரில் நடந்த ராகிங் கொடுமை உயிர்ப்பலி கொள்ளும் அளவுக்கு முற்றிய பின்பே, தமிழ்நாட்டில் 1997இல் அதனைத் தடை செய்யும் சட்டம் பிறந்தது. பின்னர் உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி ஆர். கே. ராகவன் தலைமையில் அமைந்த குழு 2007இல் அறிக்கை அளிக்க, பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதிமுறைகளை வெளியிட்டது. அவ்விதிமுறைகளைத் தண்டனைப் பகுதிக்காகவே எல்லோரும் புரட்டுகிறார்கள்; விடுதி வாசலில் எழுதி ஒட்டப்படுவதும் அப்பகுதியே. ஆனால் அதே விதிமுறைகளில், புதியவரும் மூத்தவரும் ஆசிரியர் முன்னிலையில் பழகுவதற்குக் கலை, விளையாட்டு நிகழ்ச்சிகளைப் பெரிய அளவில் நடத்த வேண்டும் என்றும், புதிய மாணவருக்கு நம்பிக்கை பிறக்கும் பொருட்டு ஆசிரியர்கள் இயன்றவரை விடுதியில் மாணவரோடு சேர்ந்து உணவருந்த வேண்டும் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது.

இன்னர் டெம்பிள் விருந்தில் எது போயிற்று என்று காந்தி கண்டாரோ, அதையே இவ்விதி நம் விடுதிகளுக்குக் கொண்டுவரச் சொல்கிறது. ஆனால் நம் விடுதிகளில் நடப்பது என்ன? வார்டனுக்குச் சாப்பாடு தனியறைக்குப் போகிறது. விழா நாளில் ஆசிரியருக்கும் விருந்தினருக்கும் தனிப் பந்தி, தனி இலை. மாணவர் தட்டேந்தி வரிசையில் நிற்கிறார்கள். விருந்தினரின் முகம் வாடாமற் காப்பதை வீட்டுக்குரியவரின் கடமையாக வைத்து ஓர் அதிகாரமே பாடிய மொழியில், வந்த பிள்ளை வாடி நின்றால் அவனுடைய கூச்சத்தைக் காரணம் காட்டி நாம் தப்பித்துக்கொள்கிறோம்.

கல்லூரி முதல்வர்களுக்கும் மாணவர் மன்றத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு வரவேற்பு நிகழ்ச்சியை வகுக்கும்போது, மேடையேறச் சொல்வதற்கு முன், புதியவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலையையும், தம்மோடு அந்த வேலையைச் செய்யும் மூன்று பேரையும் கொடுங்கள். மைக் பிடிப்பவரைத் தமிழிலும் பேசச் சொல்லுங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டறிந்து, அதற்கு முன்பே முக்கிய நிகழ்ச்சிகளை முடியுங்கள். உடையின் நிறத்தையும் தலைவரியையும் கைவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் இரண்டு வாரம் ஆசிரியர்கள் மெஸ்ஸுக்குப் போய், மாணவர் மேஜையில், மாணவர் உண்ணும் சோற்றையே உண்ணட்டும். இதற்குப் புதிய அரசாணையோ நிதி ஒதுக்கீடோ வேண்டியதில்லை. விதி 2009ஆம் ஆண்டு முதலே இருக்கிறது.